கடைமடைக்குப் போகாத தண்ணீர்

மகனே,

உன் கடிதம் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைத் தபாலில் வந்தது. கல்யாணத்துக்கு யார் யாரை அழைக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பிரித்து நீ எழுதியிருந்த பட்டியலை அடுக்களை வாசலில் உட்கார்ந்து உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் புளி கரைத்துக்கொண்டே ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினாள். கடைசியில் நீ அடிக்கோடு போட்டு எழுதியிருந்ததை மட்டும் வாசிக்காமல் கடிதத்தை மடித்துவிட்டேன். "குலசேகரத்து மாமாவுக்கு அழைப்பு வேண்டாம். தண்ணீர் திருடிய கையைப் பிடித்துக்கொண்டு நான் மணமேடைக்கு வரமாட்டேன். அந்த இடத்தில் வேறு யாரையாவது நிறுத்துங்கள்." தாய்மாமன்தான் மாப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வர வேண்டும் என்பது நம் குடும்பத்து வழக்கம். உன் அம்மாவுக்கு இருப்பது ஒரே தம்பி. எட்டு வருஷமாக அவன் பெயரை அவள் இந்த வீட்டில் சொன்னதில்லை. ஆனால் உன் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போனபோது கணக்குக்கு மேல் ஒரு வேட்டியும் தோளில் போடுகிற நேரியலும் எடுத்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு மாதம் பிடித்திருக்கிறது. எழுதிக் கிழித்தவை நாலைந்து இருக்கும். முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவனுக்குத் தன்னைப் பற்றி நாலு வரி எழுத வரவில்லை என்றால் சிரிப்பாய்த்தான் இருக்கும். நீ சிரித்துக்கொள். பெண்ணைப் பார்க்கப் போன அன்று உன் வருங்கால மாமனார் என்னைத் தனியே அழைத்து, "மாப்பிள்ளை உங்க மடைக் கணக்கைப் பத்தித்தான் பெருமையா சொல்லிட்டிருந்தாரு. அதைப் பாத்துதான் ஓவர்சியர் படிப்புக்கே போனாராமே" என்றார். நான் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினேன். அந்த வெற்றிலை எனக்கு இறங்கவே இல்லை. நீ உன் வாழ்க்கையை எந்தக் கணக்கின் மேல் கட்டியிருக்கிறாயோ அந்தக் கணக்கைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன். பாதியில் நிறுத்தாமல் படி.

தக்கலைப் பள்ளிக்கூடத்தில் நான் எப்படிப்பட்ட வாத்தியார் என்று உனக்குத் தெரியும், நீயே என் வகுப்பில் இருந்தவன். எக்ஸ், ஒய், இசட் என்று தெரியாதது மூன்று இருந்தால் சமன்பாடும் மூன்று வேண்டும். ஒன்றை ஒன்றிலிருந்து கழித்து, தெரியாததை ஒவ்வொன்றாக வெளியேற்ற வேண்டும். விடை வந்ததும் அதைக் கொண்டுபோய் முதல் வரியில் போட்டுச் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காமல் விட்ட பையனுக்கு விடை சரியாக இருந்தாலும் இரண்டு மதிப்பெண் வெட்டுவேன். உனக்கும் வெட்டியிருக்கிறேன். ஒரு தடவை நீ அழுதாய். "விடை சரிதானே அப்பா" என்று கேட்டாய். சரி என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு உன்னை வெளியே நிறுத்தினேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நீ என்னோடு பேசவில்லை.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், மாசியில் அறுக்க வேண்டிய கும்பப்பூ நெல் வயலில் நிற்கும்போது மழை ஏமாற்றியது உனக்கு நினைவிருக்கும். நம் ஊர்க் குளத்திலிருந்து ஒரே வாய்க்கால், அதில் முதல் மடை, நடு மடை, கடைமடை என்று மூன்று. எந்த நாளும் இரண்டு மடைதான் திறக்கும், ஒன்று மூடியிருக்கும். மூன்று நாளைக்கு ஒரு சுற்று. அது யார் வைத்த வழக்கம், எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த வழக்கப்படியே போனால் கதிர் முற்றுமுன் குளம் வற்றிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஊர்க்காரியம் பார்க்கிற முதலடி நம் வீட்டுக்கு வந்து, "சாரே, நீங்க கணக்குப் படிச்ச ஆளு, இதுக்கு ஒரு வழி சொல்லணும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதுவரை ஊரில் என்னை யாரும் எதற்கும் கேட்டதில்லை. வயல் இல்லாத வாத்தியாரை வயல்காரர்கள் என்ன கேட்பார்கள்?

குளத்துக்குள் ஒரு கம்பை நட்டு விரற்கடைக் கணக்கில் கோடு போட்டேன். முதல் மடையும் நடு மடையும் திறந்த நாளில் காலையிலிருந்து சாயங்காலத்துக்குள் ஏழு விரற்கடை இறங்கியது. நடு மடையும் கடைமடையும் திறந்த நாளில் ஐந்து. முதல் மடையும் கடைமடையும் திறந்த நாளில் ஆறு. நீதான் சிலேட்டில் எழுதினாய். மூன்றையும் கூட்டினால் பதினெட்டு, அதில் ஒவ்வொரு மடையும் இரண்டு தடவை இருக்கிறது, ஆகவே மூன்றும் சேர்ந்தால் ஒன்பது என்று நான் சொல்வதற்கு முன்பே நீ சொன்னாய். ஒன்பதிலிருந்து ஐந்து போனால் முதல் மடைக்கு நாலு, ஆறு போனால் நடு மடைக்கு மூன்று, ஏழு போனால் கடைமடைக்கு இரண்டு. உனக்கு அப்போது பதினைந்து வயது. உன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. மறக்க முடிந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் கூடியது. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தேன், அவ்வளவு பெருமை. ஒரு நாள் மூன்று மடையையும் ஒன்றாகத் திறப்போம், அடுத்த இரண்டு நாள் மூன்றையும் மூடுவோம் என்றேன். மூன்று நாளில் பதினெட்டு விரற்கடை போன இடத்தில் ஒன்பதுதான் போகும். எல்லோருக்கும் முன்பு கிடைத்ததில் சரிபாதி. கூடுதல் இல்லை, குறைவு இல்லை, சண்டை இல்லை, குளமும் அறுப்பு வரை நிற்கும். முதலடி தலையைச் சொறிந்துகொண்டு, "மூணையும் சேந்தாப்பில தொறக்கது நம்ம ஊருல வழக்கமில்லியே சாரே" என்றார். வழக்கம் என்பது கணக்குத் தெரியாதவர்கள் வைத்தது என்று சொல்லிவிட்டேன். மண்டபம் சிரித்தது. நீ எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாய். உன் மாமாவும் சிரித்தான், அத்தான் பேசுகிறார் என்ற பெருமையில். அவன் கடைமடையில் அடுத்தவர் வயலைப் பாட்டத்துக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தான், அவனுக்கு வேறு நிலம் கிடையாது.

மூன்று மடையையும் திறந்த முதல் நாள் சாயங்காலம் நான் தனியாகக் கம்பைப் பார்க்கப் போனேன். ஒன்பது இறங்கியிருக்க வேண்டும். ஏழுதான் இறங்கியிருந்தது. கூடிப்போனால் அதற்கு மேல் ஒரு நூலளவு இருந்திருக்கலாம். குனிந்து பார்த்தேன், நனைந்த கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன், ஏழுதான். எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது, மகனே. அது விளங்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை என்பதுதான் கொடுமை. வாய்க்காலின் வாய் குறுகல். ஏழுக்கு மேல் அது சுமக்காது. முதல் மடை தன் நாலை எடுத்துக்கொள்ளும், நடு மடை தன் மூன்றை எடுத்துக்கொள்ளும், கடைமடைக்கு ஈரம்தான் போகும். இரண்டு இரண்டாகத் திறந்தபோது வாய்க்கால் தாங்கியது, அதனால் என் மூன்று சமன்பாடும் சரி. மூன்றையும் திறந்தாலும் அப்படியே கூடும் என்று நான் எழுதிய நாலாவது வரிதான் பொய். அதைத்தான் அந்தப் பழைய ஆட்கள் ஒரு மடையை எப்போதும் மூடி வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது முதலடி எதிரே வந்தார். "என்ன சாரே, சரியா இருக்கா?" என்று கேட்டார். "சரியாக இருக்கிறது" என்றேன். வீட்டுக்கு வந்து நோட்டில் ஒன்பது என்று எழுதினேன். கம்பு சேற்றில் சாய்ந்திருக்கும், காற்றில் அலை அடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதுவும் சாயவில்லை, எதுவும் அடிக்கவில்லை. மறுநாள் மண்டபத்தைக் கூட்டி, தப்பாய்ப் போயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்கள், இரண்டு நாளில் மறந்திருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தேன். நீ அங்கே இருப்பாயே என்றும் பயந்தேன். அப்படியும் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். வாய்க்கால் வாயைக் கொஞ்சம் தூர் வாரினால் நல்லது என்று முதலடியிடம் பட்டும் படாமலும் சொன்னேன். "அறுப்பு கழியட்டும் சாரே, பாப்பம்" என்றார். அதோடு விட்டேன். அதற்குப் பிறகு நான் குளத்துப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது சுற்றில் உன் மாமா மண்டபத்துக்கு வந்து, "கடைமடைக்குத் தண்ணி வரமாட்டேங்கு, வயலு வெடிச்சுக் கெடக்கு" என்றான். கடைமடையில் வயல் வைத்திருந்த மற்ற இரண்டு பேருக்கும் முதல் மடையிலும் நிலம் உண்டு, அவர்கள் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கரும்பலகைக்குப் போய் நாலு, மூன்று, இரண்டு என்று மறுபடியும் எழுதினேன். "கணக்குப்படி ரெண்டு போவுதே செல்லப்பா" என்றார் முதலடி அவனைப் பார்த்து. "கணக்கு போவும், தண்ணி வரல்லண்ணு சொல்லுகேன்" என்றான். அதற்கும் சிரித்தார்கள். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு வருஷம் இப்படி இருந்திருக்காது.

கதிர் பால் பிடிக்கிற சமயம் அவனால் பொறுக்க முடியவில்லை. மடை மூட வேண்டிய ஒரு நாள், நட்ட நடு மத்தியானம், ஊரார் பார்க்கத் தன் மடைப் பலகையைத் தூக்கிவிட்டான். ஒளித்துச் செய்யவில்லை. பிடித்துக்கொண்டு வந்து மண்டபத்தில் நிறுத்தினார்கள். கணக்குப்படி பங்கு வாங்கிக்கொண்டு அதற்கு மேலும் எடுத்தவன் என்று பேசினார்கள். அந்தக் கணக்கு என்னுடையது. அந்தப் பூ அறுப்பு முடியும்வரை இனி அவனுக்குத் தண்ணீர் கிடையாது என்று தீர்ப்பு. கூட்டம் கலையும்போது நீ முன்னால் போய் நின்று, "தண்ணிக் கள்ளன்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாய். உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கக் கொண்டுபோனவன் அவன். அவன் உன் தலையில் கை வைக்க வந்தான், நீ தட்டிவிட்டாய். நான் மூன்று எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். உன்னை அடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் என்னை அடித்துக்கொண்டிருக்க வேண்டும். நான் கரும்பலகையை வண்டியில் ஏற்றச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் நெல் முழுக்கப் பதராகப் போயிற்று. நிலத்துக்காரர் பாட்டத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார். குலசேகரத்துக்குப் போய் ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டுகிற வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் கள்ளனுக்குத் தரமாட்டோம் என்று விலகிக்கொண்டார்கள். அவன் இன்றுவரை தனி ஆள். அந்த வருஷம் மற்ற எல்லோர் வீட்டிலும் நெல் வந்தது. வாத்தியார் கணக்கு ஊரைக் காப்பாற்றியது என்று கோயிலில் எனக்கு நேரியல் போர்த்தினார்கள். அதை வாங்கிக்கொண்டேன். நீ எனக்குப் பக்கத்தில் நின்றாய்.

இப்போது நீ ஓவர்சியர். நூறு ஊர்க் குளத்துக்கும் வாய்க்காலுக்கும் உன் கையெழுத்து போகும். வருகிற ஐப்பசியில் நம் தாலுகா மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த பிறகு உன்னை எங்கே போடுவார்களோ தெரியாது. எங்கே போட்டாலும் ஒன்றை வைத்துக்கொள். சமன்பாடு யாரையும் ஏமாற்றாது. நீ எழுதிக் கொடுத்ததைத்தான் அது தீர்த்துத் தரும், நீ எழுதாமல் விட்டது அதற்குத் தெரியாது. உன் தாளில் விடை அழகாக வரும்போது கடைசி வயல்காரன் வந்து இல்லை என்றால், அன்றைக்குத் தாளை மூடிவிட்டு அவன் பின்னால் நட. இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. நடக்காதவன் சொல்கிறேன். ஆனால் இதைவிட்டால் உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நிலம் இல்லை, பேர் ஒன்று இருந்தது, அது எப்படி வந்தது என்று இப்போது உனக்கும் தெரியும்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் கழித்து, யாரிடமும் சொல்லாமல், அழைப்பிதழை எடுத்துக்கொண்டு குலசேகரத்துக்குப் பஸ் ஏறினேன். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தில் கடைசி வீட்டில் இருந்தான். நாற்பது வயதுக்காரன் அறுபது போல இருக்கிறான், இருமல் நிற்கவில்லை, வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகிறதாம். என்னைக் கண்டதும் எழுந்து பாயை உதறிப் போட்டான். "அத்தான் இம்புட்டு தூரம் வரணுமா, ஒரு கடிதாசி போட்டாப் போதாதா?" என்றான். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கம்பில் ஏழு இருந்ததைச் சொன்னேன். அவன் கடைசிவரை கேட்டான். பிறகு, "எனக்குத் தெரியும் அத்தான்" என்றான். "நீங்க பாத்துட்டுப் போன பொறவு நானும் எறங்கிப் பாத்தேன். ஏழுதான்."

பிறகு ஏன் மண்டபத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். "எப்பிடிச் சொல்லுகது? எக்கா உங்க கூடல்லா இருக்கா. வாத்தியாரு பொய் எழுதினாருண்ணு எனக்க வாயால சொன்னா அவ எங்க போய் நிப்பா? பயலுக்கு உங்க மேல எம்புட்டு நம்பிக்கை. அது போனாப் பொறவு அவன் படிப்பானா?" என்று சொல்லிவிட்டு இருமினான். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அழைப்பிதழைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டான். "நான் வரல்ல அத்தான். நான் வந்தா ஏன் வந்தாண்ணு நாலு பேரு கேப்பாவ. நீங்களும் பயலுகிட்ட ஒண்ணும் சொல்லண்டாம். நல்லா இருக்கட்டும்." இது வெளியே வரக்கூடாது என்பதற்காகத்தான் அவன் தன் வாழ்க்கையையே கொடுத்திருக்கிறான். அதையும் மீறித்தான் இதை எழுதுகிறேன். அவனுக்கு நான் செய்கிற இரண்டாவது துரோகம் இது என்றால் இருக்கட்டும். முகூர்த்தத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. நீ நேரே இங்கே வராதே. முதலில் குலசேகரத்துக்குப் போ. அவன் கையைப் பிடி, அவன் வரச் சம்மதித்தால் கூட்டிக்கொண்டு வா. அன்று மணமேடைக்குப் பக்கத்தில் நான் நிற்கலாமா கூடாதா என்பதை அதற்குப் பிறகு நீ முடிவு செய். எனக்கு அதில் ஆசை வைக்க உரிமை இல்லை, ஆனாலும் இருக்கிறது.

உன் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், போன வெள்ளிக்கிழமை. அவள் அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. பெட்டியிலிருந்து அந்த வேட்டியையும் நேரியலையும் எடுத்து, இரண்டு புடவையோடு மூட்டையாகக் கட்டினாள். குலசேகரத்துக்கு எத்தனை மணிக்குப் பஸ் என்று கேட்டாள். முற்றத்தில் இறங்கியவள் திரும்பி நின்றாள். "எஸ்டேட்டுக்குப் போறதுக்கு மொதநாள் அவன் இங்க வந்தான். ரெண்டு நாளா ஒண்ணும் தின்னல்ல எக்காண்ணு சொன்னான். நம்ம வீட்டு மானத்தை வாங்கினவனுக்குச் சோறு கெடையாதுண்ணு நான் கதவைச் சாத்தினேன். இந்தக் கையால சாத்தினேன்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்ப நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தியளா, இல்ல உள்ள இருந்தியளா?" என்று கேட்டாள்.

உள்ளேதான் இருந்தேன் என்று சொன்னேன். அவள் போய் ஆறு நாள் ஆகிறது.